எதிரே வருபவருக்கும் வீதி தெரியவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் ஒரு மழை இரவு. பம்பலப்பிட்டியில் இருந்து மெரின் டிரைவ் வழியாக வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த ஒரு காரின் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்ததும் ஈரவீதி முழுக்க ஒரே பளபளப்பு. ஒன்றும் தெரியாமல் பிரேக்கை மிதித்தேன். அந்தக் கார் போன பிறகுதான் பார்க்கிறேன், எனக்கு நாலடி முன்னால் ஒரு முதியவர் குடையோடு நிற்கிறார். வீதியைக் கடக்க இறங்கியவர், அவருக்கும் கண் கூசி நடுவிலேயே நின்றுவிட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தச் சாரதியை மட்டும் குறை சொல்லி இதை எழுதவில்லை. அதே மாதிரி வெள்ளை எல்.இ.டி. பல்ப் எங்கள் காரிலும் இருந்தது. லைட் மங்கிவிட்டது என்று மகன் ஒரு கடையில் வாங்கிப் போட்டிருந்தான். ‘எல்லாக் காருக்கும் சரிவரும், பொலிஸ் பிரச்சினையும் இல்லை’ என்று சொல்லித்தான் விற்றார்களாம். மறுநாள் இரவு அவனைக் காரில் உட்காரவைத்து லோ பீமை, அதாவது கிட்டத்துக்கு அடிக்கும் தாழ்ந்த வெளிச்சத்தைப் போடச் சொல்லி, நான் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். காரின் நம்பர் பிளேட்டைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை.

காரணத்தை எங்கள் மெக்கானிக் பழைய பல்பைக் கையில் வைத்துக் காட்டினார். நம் ஊரில் ஓடும் ஏராளமான சிறிய கார்களில் இருப்பது எச்4 ஹலோஜன் பல்ப்: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்குக் கீழே கிண்ணம் போல ஒரு சின்னத் தகடு இருக்கும். லைட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழியின் கீழ்ப்பாதியில் வெளிச்சம் பட்டால் அது மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். அதை மறைப்பதுதான் அந்தத் தகட்டின் வேலை. அந்தக் குழி முழுவதும் இழை இருக்கும் இடத்தைக் கணக்குப்பண்ணிச் செய்தது, ஓரிரு மில்லிமீற்றர் தள்ளினாலே வெளிச்சம் சிதறும். எல்.இ.டி.யில் ஒளி வரும் இடமும் வேறு, பரவும் விதமும் வேறு. கம்பனியே எல்.இ.டி.க்கென்று செய்த லைட் என்றால் அது வேறு விஷயம், அதில் குழியும் வில்லையும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

அப்படியென்றால் எங்கள் லைட் ஏன் மங்கியது? பழைய பல்பில் ஒரு பிழையும் இல்லை. லைட்டின் முன்மூடி மஞ்சளாகியிருந்தது. இப்போதைய கார்களில் அது பொலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயில் பட்டுப் பட்டு மேல்பூச்சு கெட்டுவிடும். 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் தொடங்கியது என்பதால் கொழும்பில் பழைய கார்கள் அதிகம், மஞ்சள் மூடிகளும் அதிகம். பற்பசை போட்டுத் தேய்த்தால் சில வாரம் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். நைசான உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வெயில் தாங்கும் பூச்சு அடித்தால்தான் நிற்கும்.

இன்னொன்று எர்த் வயர், மின்சாரம் லைட்டில் இருந்து காரின் உடலுக்குத் திரும்பும் வயர். கடற்கரைப் பக்கம் இருக்கிறோம், உப்புக்காற்றில் அதன் முனை துருப்பிடித்திருந்தது. மின்னழுத்தம் பத்து வீதம் குறைந்தாலே ஹலோஜன் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுமாம். துருவைச் சுரண்டி இறுக்கியதோடு பாதி வேலை முடிந்தது. சிலர் இதைப் பார்க்காமல் 100 வாட் பல்ப் போடுகிறார்கள். ஹோல்டர் உருகும், வயர் கருகும், தயவுசெய்து வேண்டாம்.

புது ஹலோஜன் பல்புகளை இரண்டு பக்கமும் சோடியாக மாற்றினோம். பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி சீக்கிரம் போய்விடும். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் லைட் வாங்குபவர்களும் கவனிக்கவேண்டும். லோ பீம் வீதியோரப் பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து அடிக்கும். ஜப்பானும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடு, அங்கிருந்து வரும் லைட் சரி. வலப்பக்கம் ஓட்டும் நாட்டு லைட் என்றால் அந்த உயர்ந்த பக்கம் நேரே எதிர்ச் சாரதியின் முகத்துக்குத்தான் போகும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து டிக்கி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு ஏ9 இல் இரவில் வருகிறோம். பின்பக்கம் இறங்கும்போது லைட் வெளிச்சம் மேலே ஏறும். அதைக் கீழே இறக்கத்தான் பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை ஒரு சின்ன உருளை இருக்கிறது. இத்தனை வருடம் ஓட்டிய எனக்கே அது எதற்கு என்று இப்போதுதான் தெரியும்.

1951 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியில் பஸ், முச்சக்கரவண்டிகளில் சட்டவிரோதமாகப் பூட்டியிருந்த மேலதிகப் பாகங்களைப் பொலிஸார் கழற்றவும் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் வீதியில் மறித்துப் பிடிப்பதால் மட்டும் இது தீராது. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோமே, அதே இடத்தில் லைட் வெளிச்சம் அடிக்கும் உயரத்தையும் கருவி வைத்து அளந்து சான்றிதழில் எழுதவேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை ஒரு சுவர் போதும். சமதரையில், டயர் காற்று சரியாக இருக்க, ஒருவர் சாரதி இருக்கையில் இருக்கவேண்டும். காரைச் சுவருக்குக் கிட்ட நிறுத்தி, லைட்டின் நடுவுயரத்தைச் சுவரில் குறித்துவிட்டு காரை 10 மீற்றர் பின்னால் எடுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு ஏறக்குறைய 10 சென்றிமீற்றர் கீழே விழவேண்டும். எங்கள் ஒழுங்கையின் முடிவில் உள்ள மதிலில் இப்போது சோக்கட்டிக் கோடு இருக்கிறது. போன ஞாயிறு இரவு பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் தங்கள் கார்களைக் கொண்டுவந்து பார்த்தார்கள். இரண்டும் உயர்ந்துதான் இருந்தன.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி