செண்டெரோ அணையின் வெளிச்சம் யாருக்குப் போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் நீர்மின்சாரம் குறித்து வெளிவந்த கட்டுரையில், 1930இல் செண்டெரோ அணை எழுந்த நாள் முதல் மலேசியாவின் பேராக் மாநில மக்களின் இல்லங்கள் ஒளிபெற்றன என்று ஒரு வரி இருந்தது. மூன்று நாளாக அந்த வரி என் மனத்தை அறுக்கிறது. பேராக் ஆற்றின் குறுக்கே அந்த அணை கட்டப்பட்டது முதன்மையாகக் கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களுக்காகத்தான் என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். அறிந்திருந்தும் எப்படி அனுமதித்தீர்கள்?

நான் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் பால்மரங்களுக்கு மேலே உயர் அழுத்தக் கம்பிகள் சென்றன. அவற்றுக்கு அடியில் லாலான் புல் வெட்டுவது என் பெரியப்பாவின் வேலை. தூறல் விழும் இரவுகளில் அந்தக் கம்பிகள் இரைவது எங்கள் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், திண்ணை வரை கேட்கும். எங்களுக்கு வாய்த்ததோ, மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை ஓடிய தோட்டத்து ஜெனரேட்டர்தான். நிற்பதற்கு முன் விளக்கு மூன்று முறை மங்கி எரியும். அம்மா உடனே தீப்பெட்டியைத் தேடுவார். அதன்பிறகு சிம்னி விளக்கு. 1972இல் ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு நான் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். எங்கள் லயத்துக்குப் பொது மின்சாரம் வந்த ஆண்டு 1981. அதற்குள் அதே ஆற்றின் மேற்பகுதியில் 348 மெகாவாட் தெமெங்கோர் நிலையமே ஓடத் தொடங்கிவிட்டது.

நீர்மின்சாரத்தை நான் குறை சொல்லவில்லை. தீபகற்ப மலேசியாவின் மின்தேவையில் பெரும்பாரத்தை நிலக்கரியும் எரிவாயுவும் சுமந்தாலும், தேவை திடீரென உயரும் வேளையில் சில நிமிடங்களில் சுழலிகளை ஓட்டி ஈடுகொடுப்பது அணைநீர்தான். ஆயினும் தெமெங்கோரைப் பற்றித் தாங்கள் முன்பு எழுதியபோது, இடம் பெயர்க்கப்பட்ட ஓராங் அஸ்லி பழங்குடி மக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. சரவாக் மாநிலத்தின் 2,400 மெகாவாட் பாக்குன் அணையைப் பாராட்டியபோதும், அதற்காகச் சுங்கை ஆசாப்புக்குக் குடிபெயர்ந்த ஏறத்தாழ 10,000 பேரைத் தாங்கள் நினைக்கவில்லை. அப்போது நான் எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை.

எங்கள் தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டுவிட்டது. கடைசி லயத்தில் எஞ்சியிருக்கும் எட்டுக் குடும்பங்கள் இன்றும் ஒரே மீட்டரிலிருந்து கம்பி இழுத்துத்தான் விளக்கெரிக்கின்றன. தனி மீட்டருக்கு மனுக் கொடுத்தால் நில கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) எங்கே என்று கேட்கிறார்கள். மூன்று தலைமுறையாக உழைத்தவர்களிடம் கிராண்ட் ஏது?

அந்த வரியைத் திருத்தி, அதே பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் நிருபர் ஒருவரை மாலை ஏழு மணிக்குமேல் அனுப்புங்கள். அந்த லயத்துக்கு நானே அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்