சின்ன வயதுக் கதை போதும், வேலையைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டில் 34 வருடமாக விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறேன். எங்கள் தெருவில் உங்கள் நாளிதழ் டீக்கடையில் தொடங்கி, ஐஸ் கடை வழியாக, மத்தியானம்தான் என் பட்டறைக்கு வந்து சேரும். ஞாயிறு இணைப்பில் விஞ்ஞானி, பொறியாளர் யாருடைய பேட்டியாவது வந்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போவேன். பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்காக.

போன மாதம் அப்படி ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "தாத்தா, இவர் செஞ்ச மிஷின் எப்படி ஓடுதுன்னு போடவே இல்லையே?" என்றாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். தெருவிளக்கில் படித்தது இருந்தது. அம்மா நகையை அடகு வைத்துக் கல்லூரிக்கு அனுப்பியது இருந்தது. முதல் சம்பளம், கிடைத்த விருது, கடைசியில் இளைஞர்களுக்கு அறிவுரை. முப்பது வருடம் அவர் எதைச் செய்தாரோ, அதற்கு இரண்டே வரி. அவர் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் ஒரு பொறியாளரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அவர் வேலையைப் பற்றிக் கேட்காமல் எழுந்து வருவது, கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் எடுக்காமல் திரும்புவது மாதிரி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கடல் பொறியியல் படித்த ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், நான்கு மாணவர்களோடு கரையை அளக்க வந்திருந்தார். அவர்கள் கருவியைப் பிடித்துவைக்கும் கிளாம்பில் போல்ட் உடைந்துவிட்டது. யாரோ என் பட்டறையைக் காட்டியிருக்கிறார்கள். லேத்தில் புது போல்ட் ஒன்று கடைந்து மரை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சும்மா இருக்க வேண்டாமே என்று, "எதை சார் அளக்கிறீங்க?" என்று கேட்டேன். கால் மணி நேர வேலை. அவர் கிளம்பியபோது சாயந்திரம் ஆகிவிட்டது.

எங்கள் கரை பற்றி உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கட்டுமரம் இழுத்துப் போட்டு, வலை காயவைத்து, மீதி இடத்தில் நாங்கள் ஓடிப்பிடித்து விளையாட மணல் இருந்தது. எங்கள் பாட்டி வீடு இருந்த இடத்தில் இன்றைக்குக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. கடல் தன் இடத்தைக் கேட்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம்.

சார் என் வேலைப் பலகையில் இருந்த இரும்புத் தூளைக் கையால் பரப்பினார். 24 நம்பர் ஸ்பேனரை அதன்மேல் குறுக்கே வைத்தார். பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்திலிருந்து லேசாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஸ்பேனருக்கு இந்தப் பக்கம் தூள் மேடாகச் சேர்ந்தது. அந்தப் பக்கத்தில் பிரஷ் தள்ளத் தள்ளப் பலகை வெறுமையாகிக்கொண்டே போனது. "ஸ்பேனர்தான் துறைமுகம். இந்தப் பக்கம் மெரினா. அந்தப் பக்கம் நீங்க" என்றார்.

வருடத்தில் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகிறது. மோதும்போது மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது திரும்பித் தெற்கே போனாலும், வருடக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் போட்டார்கள். 1881 புயல் கட்டியதை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். அந்தச் சுவர் கடலுக்குள் நீண்டதிலிருந்து மணல் தெற்கே தங்கிவிட்டது. ஊரே காற்று வாங்கப் போகும் மெரினா மணல் அப்படிச் சேர்ந்ததுதான். எங்களுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, இருந்ததை மட்டும் அலை எடுத்துப்போனது.

அப்புறம் அவர் சொன்ன ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. துறைமுக ஆபீசில் 1912இல் ராமானுஜன் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தார் என்பதைப் பத்திரிகைகளில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த ஆபீசுக்கே தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர், துறைமுகத்தை ஒட்டி மணல் எப்படி நகர்கிறது என்று அந்தக் காலத்திலேயே ஆராய்ந்து எழுதியவராம். என் தாத்தா காலத்தில் எழுதி வைத்த விஷயம் எனக்கு 58 வயதில் தெரிகிறது. வறுமைக் கதை மட்டும் வந்து சேர்ந்தது, மணல் கதை வரவே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் சார் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு "மணல் ஓட்டம்" என்று மாற்றிக்கொண்டார். "மெரினாவுக்கு வர்ற மணல் எங்கேர்ந்து சார் வருது?" என்று கேட்டாள். ஆறுகள் கொண்டுவருவது, ஆற்றில் அணை கட்டி மணலையும் அள்ளிவிட்டால் கடலுக்கு வருவது குறையும் என்றார். சரி, ராயபுரம் பக்கம் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுகள் உதவுமா என்று நான் கேட்டேன். இரண்டு வளைவுக்கு நடுவே மணல் தங்கும், உதவும் என்றார். "கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கிறவங்களுக்கு?" என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அரிப்பு அங்கே போகும். அதை மறைச்சு உங்ககிட்ட பேசக் கூடாது" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அவரும் என்னைக் கேட்டார். வெளியே ஒரு லேலண்ட் இன்ஜின் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் தடதடத்துக்கொண்டிருந்தது. சிலிண்டருக்கு டீசல் போகும் இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். தளர்த்தியதும் சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் உயிரோடு இருக்கிறது, மாறாவிட்டால் கோளாறு அங்கேதான். நீள ஸ்க்ரூ டிரைவரை பேரிங் பக்கம் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பேன். அது ஏன் கேட்கிறது என்று அவர் சொன்னார். இரும்பில் சத்தம் காற்றைவிட ஏறக்குறைய 15 மடங்கு வேகத்தில் போகும், நாலாபக்கமும் சிதறாமல் கம்பி வழியே நேராகக் காதுக்கு வரும். என் குரு கற்றுக்கொடுத்து நான் செய்துவந்தது. "ஏன்" என்று என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரும் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை. என் தங்கை எண்ணூரில் இருக்கிறாள். 2023 டிசம்பர் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த இரவில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்டேன். "அது என் துறை இல்லை, ரசாயனப் பொறியாளரைத்தான் கேட்கணும்" என்றார். எங்கே போய்க் கேட்பது? காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும், அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரைவதால் ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும் என்று பிற்பாடு ஒரு வேதியியல் ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்தது. கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றுத் திசை பார்க்கச் சொல்லித்தரவா வேண்டும்? அந்த அறிவை இந்த வாயுவோடு சேர்த்துச் சொல்ல ஒருவர் இல்லாமல் போனார்.

வடசென்னையைச் சுற்றி இல்லாத பொறியியல் இல்லை. காட்டுப்பள்ளியில் 2010இலிருந்து கடல்நீரில் நாளைக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம், அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் இடம், வண்ணாரப்பேட்டை வீடுகளுக்கு அடியில் தோண்டிய மெட்ரோ சுரங்கம். இத்தனையும் தெரிந்தவர்கள் தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் போய்வருகிறார்கள். புகையும் சாம்பலும் எங்களுக்கு வருகிறது, விளக்கம் மட்டும் வருவதில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பேட்டி எடுக்கப் போகும் நிருபரோடு இந்தப் பகுதி ஆள் ஒருவரை, முடிந்தால் ஒரு பள்ளிப் பிள்ளையையும், அழைத்துப் போங்கள். இது எப்படி வேலை செய்கிறது, எங்கே கெடும், கெட்டால் யாருக்கு பாதிப்பு என்று கேளுங்கள். "எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னால் அதையும் அப்படியே அச்சிடுங்கள். பக்கம் போதவில்லை என்றால் அறிவுரையை எடுத்துவிடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் நிற்கும், ஆட்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். என் பட்டறையில் இறக்கி வைத்த இன்ஜின்களுக்கு நடுவே 20 பேர் உட்காரலாம். பேத்தியின் நோட்டில் இன்றைய தேதிக்கு 17 கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வி அம்மோனியா பற்றியது. ஒரு ரசாயனப் பொறியாளரை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
விசைப்படகு மெக்கானிக்,
காசிமேடு, சென்னை - 13