அளவாக விளம்பியவர்களுக்கு

அன்புள்ள சொந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,

தக்கலைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் என்னைக் கடந்த ஒரு வருடமாகப் பார்த்தவர்களில் பாதிப் பேர் எனக்குப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மீதிப் பேர் சர்க்கரை முற்றிவிட்டது என்றார்கள். என் காதுபடவே பேசியவர்களும் உண்டு. விஷயம் இதுதான்: 13 மாதங்களுக்கு முன்பு திருவனந்தபுரத்தில் எடை குறைப்பதற்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இத்தனை பேர் சேர்ந்த பிறகு எதை மறைப்பது?

அப்போது என் எடை 118 கிலோ. இன்சுலின் ஊசி, முட்டு வலி, அடுத்த வீட்டுக்குக் கேட்கும் குறட்டை. எனக்குச் செய்தது ஸ்லீவ் என்கிற முறை. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பாகத்தை எடுத்துவிடுவார்கள். மிச்சம் வாழைப்பழம் போல நீளமாக இருக்கும் என்றார் டாக்டர். “ஏத்தன் பழமா, மட்டியா சார்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் அந்த எடுத்த பாகத்தில்தான் ஊறுமாம். அதனால் முதல் சில மாதம் எனக்குப் பசியே இல்லை. யாரைப் பார்த்தாலும் ‘சாப்பிட்டியா?’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள் நம் ஊரில். இங்கே பசிக்காமல் வாழ்வது லேசுப்பட்ட காரியமா?

முதல் நன்றி என் மைனிக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும்தான். வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர், புரத மாவு கலந்த பால். அதையும் மடக்கென்று குடிக்கக் கூடாது. இருமல் மருந்துக் குப்பியின் மூடியில் ஊற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்று கடிகாரம் பார்த்துக் கொடுத்தார் மைனி. அடுத்த இரண்டு வாரம் எல்லாவற்றையும் மசித்து, என் மகனுக்குச் சின்ன வயதில் சோறூட்டிய எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுத் தந்தார். அந்த மகன் இப்போது காலேஜில் படிக்கிறான்.

மீன் கொண்டுவரும் அக்காவுக்கு அடுத்த நன்றி. நாள் ஒன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும் என்று உணவு ஆலோசகர் கணக்குச் சொல்லிவிட்டார். முதலில் மீனோ முட்டையோ பயறோ, அப்புறம் காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. நாம் தலைமுறை தலைமுறையாகத் தின்ற வரிசை அப்படியே தலைகீழ்! குளச்சலிலிருந்து கூடையோடு வரும் அக்கா எனக்கென்று முள் குறைந்த மீனாகப் பார்த்துத் தனியே எடுத்து வைப்பார். ஏன் எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒருநாள் மட்டும், “வயித்துல ஆப்பரேசனா மக்ளே? பைய தின்னு” என்றார். யார் சொல்லிக் கண்டுபிடித்தாரோ.

அந்தப் ‘பைய’ எனக்கு மரச்சீனிக் கிழங்கில்தான் புரிந்தது. மூன்றாம் மாதம், மழை நாள், அவித்த கிழங்கும் சாளைக் கறியும். நான்கே வாய். பழைய வேகத்தில் விழுங்கியதில் நெஞ்சுக்குள் கல் மாதிரி நின்றுவிட்டது. வாயில் நுரை நுரையாக உமிழ்நீர். அது வெளியே வரும் வரை அரை மணி நேரம் முதுகைத் தடவிக்கொண்டே இருந்த என் வீட்டுக்காரர், அன்றிலிருந்து தானும் மெதுவாக மென்று சாப்பிடுகிறார். சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி கழித்துத்தான் என்பதால் மேசையிலிருந்து செம்பையே எடுத்துவிட்டார்.

கல்யாண வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில், “ஒரு கரண்டிதானே, எங்க வீட்டு விசேஷத்துல இதுகூடக் குடிக்க மாட்டியா?” என்று அடைப் பிரதமன் பாயசத்தை இலையில் விட்டார்கள். முகத்துக்காகக் குடித்தேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, மண்டபத்து அறையில் படுத்துவிட்டேன். இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் இப்படி வருமாம். விளம்பியவர்மேல், அதாவது பரிமாறியவர்மேல், எனக்குக் கோபமில்லை. நம் ஊரில் வற்புறுத்தாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. ஆனால் அடுத்த கல்யாணம் மார்த்தாண்டத்தில். விளம்பிய பையனிடம் முன்கூட்டியே யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பருப்பு, அவியல், ஓலன் எல்லாம் ஒவ்வொரு ஸ்பூன் வைத்துவிட்டு, பாயச வாளியோடு என் இலையைத் தாண்டும்போது கண்ணால் மட்டும் “வேண்டாம்தானே அக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனான். போளிகூட வைக்கவில்லை. சொல்லி வைத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் கடைக்கு ஒருமுறை வாருங்கள்.

நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சட்டென்று எடை இறங்கும்போது அப்படித்தான், திரும்ப முளைக்கும் என்று தைரியம் சொன்னவர் எங்கள் ஊர் நர்ஸ். பி12 சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இரைப்பையின் உதவி வேண்டும். எனக்கு அது குறைந்துவிட்டதால் வாழ்நாள் முழுக்க மாத்திரையோ ஊசியோ உண்டு. ஊசி நாளை நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை.

கடையில் என்னோடு தைக்கும் பிள்ளைக்கும் கடன்பட்டிருக்கிறேன். என் ஜாக்கெட்டுகளை இதுவரை நான்கு தடவை பிடித்துத் தந்திருக்கிறாள். மற்றவர்களுக்கு அளவெடுக்கும்போது இஞ்ச் கணக்கைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம் உள்ளவள், என் அளவை மட்டும் பேசாமல் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வாள். கைச்சதை தொங்குவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கையை முழங்கை வரை நீட்டித் தைத்தாள்.

இப்போது 76 கிலோ. டாக்டர் இன்சுலினை நிறுத்திவிட்டார். படியேறினால் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது.

மைனி, அந்த எவர்சில்வர் கிண்ணத்தை நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். என் ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவே அதுதான். பேரப்பிள்ளைக்கு வேறு ஒன்று வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தையல்கார அக்கா