அப்பாவின் தொப்பியில் இருந்த யானை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது, பதில் போடவில்லை என்று திட்டாதே. ஊர் வீட்டை விற்பதென்று முடிவாகி, நானும் தம்பியும் பரணைக் காலி செய்துகொண்டிருந்தோம். பேரன் பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் சொன்னேன், புனேயில் ஒருவர் இனி மராத்தியில் தாலாட்டுப் படிக்கப்போகிறார் என்று. முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்குச் சர்க்கரை பரவாயில்லை, மாத்திரையாலா டீயை விட்டதாலா தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரணில் அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி இருந்தது, மூடியில் வெள்ளை பெயின்டில் அவர் நம்பரும் பெயரும். உள்ளே பெல்ட், ரிப்பன் இல்லாத ஒரு பதக்கம், காய்ந்துபோன பிராஸோ பித்தளை பாலிஷ் டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய தொப்பி பேட்ஜ். நீயும் பார்த்திருக்கிறாய், என்சிசி பரேடு அன்று எடுத்துக்கொண்டு வந்து காட்டி அப்பாவிடம் அடி வாங்கினேனே, அதுதான். மெட்ராஸ் ரெஜிமென்ட் யானை, கேடயம், குறுக்காக இரண்டு வாள். அன்றைக்குக் கவனிக்காத ஒன்றை இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். யானையின் நெற்றியும் தும்பிக்கை நுனியும் மழமழவென்று ஆகிவிட்டன, கண் இருந்த இடமே தெரியவில்லை. வாளின் பிடி மட்டும் கூர்மையாக இருக்கிறது, துணி அங்கே நுழையாது போல. பதினைந்து வருடம் தினமும் தேய்த்த மனிதர், யானையின் கண்ணையே தேய்த்து எடுத்துவிட்டார்.

சின்ன வயதில் ஏன் யானை என்று கேட்டிருக்கிறேன். "நம்ம ஊர் யானைடா, வேற எது?" என்றார். ஸ்ரீரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு வேறு எப்படி நினைக்க முடியும், நானும் ஐம்பது வருடம் அப்படியே நம்பினேன். இப்போது பெட்டியைத் திறந்த வேகத்தில் கொஞ்சம் தேடிப் படித்தேன். யானை நம்ம ஊர் யானையே இல்லை. உங்கள் ஊர்ப் பக்கத்து யானை!

ஜால்னா மாவட்டத்தில் அசாயே என்று ஒரு கிராமம். 1803 செப்டம்பர் 23ஆம் தேதி அங்கே ஆர்தர் வெல்லஸ்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சிந்தியா, நாக்பூர் போன்ஸ்லே என்ற இரண்டு மராத்திய மன்னர்களின் சேர்ந்த படையும் மோதின. கம்பெனிப் பக்கம் பத்தாயிரம் பேர்கூட இல்லை, அதன் காலாட்படையில் பெரும்பாலோர் மெட்ராஸ் சிப்பாய்கள். ஆற்றைக் கடக்க வழியே கிடையாது என்று வழிகாட்டிகள் கையை விரித்துவிட்டார்கள். வெல்லஸ்லி பார்த்தார், இந்தக் கரையில் ஒரு கிராமம், அந்தக் கரையில் நேர் எதிரே ஒரு கிராமம், இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் ஜனங்கள் போய்வராமல் இருப்பார்களா, கண்டிப்பாக இறங்கு துறை இருக்கும் என்று படையை நேராக அங்கே நடத்தினார், துறையும் இருந்தது. கிராமத்தில் வளர்ந்த எவனுக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த நேரத்தில் தோன்ற வேண்டுமே. எதிரே இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, ஹனோவர்காரரான போல்மன் என்பவர் தலைமையில் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை, பீரங்கிகளோடு. கம்பெனிப் படைதான் வென்றது, ஆனால் அந்தப் பக்கம் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 1,600 பேர். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனையே தோற்கடித்த வெல்லஸ்லி, உங்கள் சிறந்த போர் எது என்று கேட்டபோது அசாயே என்றாராம்.

அந்த வெற்றிக்காகக் கொடுத்த சின்னம்தான் யானை. அங்கே நின்ற வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்கும் அதே யானைதான். இன்னொன்றும் சொல்கிறேன், சிரிப்பாய். வெல்லஸ்லி அப்புறம் வெலிங்டன் பிரபு ஆனார், குன்னூர் பக்கத்தில் அப்பா பயிற்சி எடுத்த ரெஜிமென்ட் சென்டர் இருக்கும் ஊருக்கு அவர் பெயர்தான். ஆக, தொப்பியில் இருந்ததும் அந்த ஆள் கொடுத்தது, டிரெயினிங் எடுத்த ஊரும் அந்த ஆள் பெயர். அப்பாவுக்கு இரண்டும் தெரியாது.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, இந்தியர்களையே எதிர்த்துப் பெற்ற வெற்றிகளின் பெயர்களை நம் ராணுவம் கொண்டாடுவதில்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டது, நியாயம்தான். ஆனால் யானை மட்டும் தொப்பியிலேயே தங்கிவிட்டது. மகார் ரெஜிமென்டில் கதை வேறு. கம்பெனிப் படையில் மகார் சிப்பாய்கள் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற 1818 கோரேகான் போரின் நினைவுத்தூண்தான் அவர்களுடைய பழைய பேட்ஜில் இருந்தது, இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளோடு. பிறகு துப்பாக்கிகளை அப்படியே வைத்துக்கொண்டு தூணை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குத்துவாள் வைத்தார்கள். ஆனால் அந்தத் தூணைப் பார்க்க ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் லட்சக்கணக்கில் ஜனங்கள் போகிறார்கள், உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே, அன்றைக்கு நகர் ரோட்டில் வண்டி ஓட்ட முடியாது என்று நீயே புலம்பியிருக்கிறாய். தொப்பியிலிருந்து எடுத்தால் மனசிலிருந்து போய்விடுமா என்ன. யானை பிழைத்தது, அது யாரையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். தூணுக்கு அந்த வசதி கிடையாது.

குமாவுன் ரெஜிமென்ட் இன்னும் வேடிக்கை. சிலுவை பிடித்த பாதிச் சிங்கம், ஹைதராபாத்தில் ரெசிடென்டாக, அதாவது நிஜாம் அரசில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஹென்றி ரஸ்ஸல் என்ற துரையின் குடும்பச் சின்னம் அது. பின்னாளில் குமாவுன் ஆன படையை அவர் திரட்டினார், வீட்டுச் சிங்கத்தைத் தொப்பியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் முதல் பரம் வீர் சக்ரா வாங்கிய மேஜர் சோம்நாத் சர்மா அந்தச் சிங்கத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் 1947இல் காஷ்மீரில் பட்காமில் செத்தார். 1962 நவம்பரில் லடாக்கின் ரெஸாங் லா பனியில் மேஜர் ஷைத்தான் சிங்கும் அவர் ஆட்களும் அப்படித்தான். இனி அது ரஸ்ஸல் வீட்டுச் சிங்கம் என்று எவனாவது வந்து உரிமை கொண்டாட முடியுமா? அதே கணக்கில் பார்த்தால் அப்பா சொன்னதும் தப்பில்லை, அவர் எழுபத்தொன்றில் எல்லையில் நின்ற நாளிலிருந்து அது நம்ம ஊர் யானைதான்.

கடற்படைக் கொடி இதைவிடக் கூத்து. வெள்ளைக்காரன் கொடுத்த செயின்ட் ஜார்ஜ் சிலுவையை 2001இல் எடுத்தார்கள். புதிதாக வைத்த நீலச் சின்னம் கடலோடும் வானத்தோடும் கலந்துபோய்த் தூரத்திலிருந்து தெரியவில்லை என்று புகார் வர, 2004இல் சிலுவையே திரும்ப வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, அடையாளம் என்பது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! கடைசியாக 2022 செப்டம்பரில் கொச்சியில் விக்ராந்த் போர்க்கப்பலைக் கடற்படையில் சேர்த்த அன்று, சிவாஜி மகாராஜாவின் முத்திரையைப் பார்த்து வரைந்த எண்கோணச் சின்னத்தோடு வேறு கொடி ஏற்றினார்கள். இன்றைக்கு ஒரு மெட்ராஸ் ஜவான் கடற்படைத் தளத்துக்குப் போனால், கொடியில் மராத்தியச் சின்னம், அவன் தொப்பியில் மராத்தியரை ஜெயித்த யானை. இரண்டுக்கும் சேர்த்து அவன் சல்யூட் அடிப்பான்.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. சேரன் பனம்பூ, பாண்டியன் வேப்பம்பூ, சோழன் ஆத்திப்பூ சூடிப் போருக்குப் போனதைத் தொல்காப்பியம் சொல்கிறது, நெருக்கமான சண்டையில் தன் ஆள் யார் என்று தெரிவதற்கு. பூ என்பதால் தினமும் புதிதாகப் பறிக்க வேண்டும், பிராஸோ செலவு மிச்சம்.

அப்புறம், உனக்கு தோனி பைத்தியம் என்பதால் இது. 2019 உலகக் கோப்பையில் சவுத்தாம்ப்டனில் கீப்பிங் கிளவுஸில் சிறகுள்ள குத்துவாள் சின்னம் போட்டு விளையாடி, ஐசிசி அதை எடுக்கச் சொன்னதே, "பலிதான்" (இந்தியில் தியாகம்) என்று எழுதிய அந்த பேட்ஜ், ராணுவத்தின் பாராசூட் சிறப்புப் படையான பாரா ஸ்பெஷல் ஃபோர்ஸஸ் உடையது. அதில் மூத்த பட்டாலியனான ஒன்றாவது பாராவின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் 1761இல் வந்து நிற்கிறது, எந்த ஊர் தெரியுமா? திருச்சிராப்பள்ளி. இதை உன் மாப்பிள்ளையிடம் சொல்லிப் பந்தயம் கட்டி ஜெயித்துக்கொள்.

பேட்ஜை ஃபிரேம் போடலாம் என்று ஒரு கடையில் கொடுத்தேன். புண்ணியவான் பின்பக்கக் கொக்கி இடிக்கிறது என்று அதை நெம்பி மடக்கி, பசையைத் தடவி ஒட்டிவிட்டான். சண்டை போட்டு வாங்கி வந்து, வெந்நீரில் ஊறவைத்துப் பசையை எடுத்தேன், கொக்கி மட்டும் நேராகவில்லை. இப்போது மேஜை டிராயரில் அதே மஞ்சள் துணியில் கிடக்கிறது. தம்பி தனக்குத்தான் வேண்டும் என்கிறான், ஆறு மாதம் அவன் வீடு, ஆறு மாதம் என் வீடு என்று பேசியிருக்கிறோம்.

உனக்கு ஒரு வேலை. மழை நின்றதும் ஔரங்காபாத் பக்கம் போவதாக எழுதியிருந்தாயே, அப்படியே அசாயே வரைக்கும் போய்விட்டு வா. நினைவுக்கல் எல்லாம் இரண்டாம்பட்சம். கைட்னா ஆற்றங்கரையில் பிப்பல்காவ், வரூட் என்று எதிரெதிரே அந்த இரண்டு ஊர்கள், இடையில் இறங்கு துறை. அங்கே ஜனங்கள் இன்னும் நடந்து கடக்கிறார்களா, பாலம் வந்துவிட்டதா பார். தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றால் நீயும் இறங்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, முட்டிவலி என்று சாக்குச் சொல்லாதே.

உன்,
கணேசன்