மதிப்பிட்டவரே மயக்கமும் கொடுக்கட்டும்

மயக்கவியல் பயிற்சியை நடத்தும் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சைக்கு முன் உங்கள் முதுநிலை மாணவர்கள் நோயாளியை மதிப்பிட்டு நிரப்பும் படிவங்களை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்காது. மல்லம்பட்டி வகுப்பு (வாய் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்ற அளவு) 2, ஏ.எஸ்.ஏ. நிலை (பொது உடல்நிலையின் தரம்) 2, மூச்சிரைப்பு இல்லை. அந்த 'இல்லை' எந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்பதுதான் என் கவலை.

"மூச்சு வாங்குகிறதா?" என்றால் பலரும் இல்லை என்பார்கள். வாங்கும் அளவுக்கு அவர்கள் நடப்பதே இல்லை. முழங்கால் வலி நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கும். "இரண்டு மாடி நிற்காமல் கடைசியாக எப்போது ஏறினீர்கள்?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். 'சர்க்கரைக்கு மாத்திரை' என்று எழுதுவதும் இந்த ரகம்தான். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி.2 வகை மாத்திரையை மூன்று, நான்கு நாட்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே கீட்டோ அமிலத்தன்மை (ரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாவது) வந்து நிற்கலாம். பெயரைக் கேட்காதவருக்கு அது எப்படித் தெரியும்?

இதையெல்லாம் மாணவர்கள் படித்திருக்கிறார்கள். படித்ததைக் கேள்வியாக்கத் தெரிகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லை. மூச்சுக்குழலில் குழாய் செருகும்போது மட்டும் நாம் எல்லோரும் தோளுக்குப் பின்னால் நிற்கிறோம்.

இதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. திங்களன்று மதிப்பிட்டவர் வியாழனன்று அறுவை நடக்கும்போது வேறு அரங்கில் இருக்கிறார். 'எளிதான மூச்சுவழி' என்று அவர் எழுதியது பொய்த்துப்போனது அவர் காதுக்கே வருவதில்லை.

பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒருவருக்கு வாய் நன்றாகத் திறந்தது. அதோடு திருப்தியடைந்து, கழுத்தை நிமிர்த்தச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுநாள் தற்செயலாக அவருக்குக் குழாய் செருகும் பொறுப்பு எனக்கே வந்தது. குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை வைத்தால் குரல்வளை தென்படவில்லை; கழுத்து வளையவே இல்லை. மூத்தவர் ஒருவர் அருகில் இருந்ததால் தப்பித்தோம். அந்தத் தற்செயல் இல்லாவிட்டால் என் படிவம் இன்றும் எனக்குச் சரியாகவே தோன்றியிருக்கும்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். மாதம் இரண்டு முறையாவது ஆசிரியர் ஒருவர் மதிப்பீட்டு அறையின் மூலையில் வாய் திறக்காமல் உட்காரட்டும். (அதுதான் நமக்குக் கடினம்.) வாரத்தில் இரண்டு நோயாளிகளுக்காவது, மதிப்பிட்ட மாணவரே அரங்கிலும் இருக்கும்படி பணிப்பட்டியலைப் போடுங்கள். முதல்நாள் பார்த்த முகம் நோயாளிக்கும் தெம்பு. மயக்க மருத்துவர் முன்கூட்டியே வந்து பேசுவது பென்டோபார்பிடால் என்ற தூக்க மருந்து ஊசியைவிட மனத்தை அமைதிப்படுத்துகிறது என்று 1963-லேயே ஓர் ஆய்வு காட்டியது.

ஆள் போதவில்லை என்பீர்கள், தெரியும். அப்படியானால், அரங்கில் நடந்ததை அதே படிவத்தின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி, மதிப்பிட்டவர் கையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மூத்த மயக்க மருத்துவர்