கூட்டம் கூடும் மண்டபங்களில் சந்திக்கும் இடமும் தமிழ் அறிவிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் பெரிய கண்காட்சிகளும் மாநாடுகளும் நடத்துகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்பதற்காக இதை எழுதுகிறேன். கூட்டத்தில் பிரிந்துபோனவர்கள் வந்து நிற்பதற்கென்று, தூரத்தில் இருந்தே கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடம் வையுங்கள். ஆளைத் தேடி ஒலிபெருக்கியில் சொல்லும்போது தமிழிலும் சொல்லுங்கள். "எல்லாரிடமும் போன் இருக்கிறதுதானே" என்ற பதில் எனக்கு ஏற்கனவே கிடைத்துவிட்டது. அது ஏன் போதாது என்பதைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

போன மாதம் ஒரு கல்விக் கண்காட்சிக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். பேத்தி உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். அடுத்து என்ன படிக்கலாம் என்று விசாரிக்கத்தான் போனது. கண் கிளினிக்குக்காக மட்டக்களப்பில் இருந்து வந்து எங்களோடு நின்ற அண்ணரும் "நானும் வாறன்" என்று வெளிக்கிட்டார். எழுபது வயது தாண்டியவர். கையில் பட்டன் போன். சந்தையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும், ஆங்கிலம் அதைவிடக் குறைவு. கழிப்பறைக்குப் போனவர் வேறு கதவால் வெளியே வந்து, அடுத்த மண்டபத்துச் சனத்துக்குள் போய்விட்டார்.

மருமகள் கோல் எடுத்தாள், பேத்தி எடுத்தாள், நானும் எடுத்தேன். ஒரு தடவை சத்தமே இல்லாமல் அறுந்தது. இன்னொரு தடவை தொடர்புகொள்ள முடியவில்லை என்று பதிவுக் குரல். "அப்பம்மா, ஃபுல் சிக்னல் காட்டுது, ஏன் கோல் போகுதில்லை?" என்று பேத்தி கேட்டபோது அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. அண்ணருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது.

தகவல் கருமபீடத்துக்கு ஓடினோம். அங்கே இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தாள். அண்ணரின் பெயரைக் கேட்டு எழுதி, சிங்களத்தில் அறிவித்தாள், பிறகு ஆங்கிலத்தில் அறிவித்தாள். தமிழில் சொல்ல ஆள் இல்லையாம். "நானே சொல்லுகிறேன் பிள்ளை, அவருடைய பெயரும் எங்கே வரவேண்டும் என்பதும் மட்டும்தான், அரை நிமிடம் போதும்" என்று கேட்டேன். அவள் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். வெளியாட்களிடம் மைக் கொடுப்பதில்லை, போனில் முயற்சி செய்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அண்ணருக்கு அந்த அறிவிப்புக் கேட்டிருக்கிறது. "என்ரை பேர் மாதிரி ஒண்டு கேட்டது, மிச்சம் என்ன சொல்லுறாங்கள் எண்டு விளங்கேல்லை" என்று பிறகு சொன்னார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வசனம் விளங்கியிருந்தால் யாரையாவது கேட்டு வந்திருப்பார்.

கடைசியில் உதவியது, காலையில் மருமகள் அவருடைய சட்டைப்பையில் வைத்துவிட்ட துண்டுக் கடதாசி. அதில் அவளுடைய இலக்கம் இருந்தது. கொப்பி, பேனை விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்களத் தம்பியிடம் அண்ணர் அதை நீட்டியிருக்கிறார். தம்பிக்கும் கோல் போகவில்லை. உடனே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினார். மண்டபத்தின் எழுத்து, கடை இலக்கம், 'உங்கள் தாத்தா இங்கே இருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அது எங்களுக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் போனபோது அண்ணர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். சீனி போடலாமா என்று கேட்டுத்தான் அந்தத் தம்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவருடைய பெயரைக் கேட்கும் நிதானம் அன்றைக்கு எங்களுக்கு இருக்கவில்லை. இந்தக் கடிதம் அவர் கண்ணில் படாது என்றாலும் என் நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, கோல் போகாத இடத்தில் எஸ்எம்எஸ் எப்படிப் போனது? போனில் நிற்கும் சிக்னல் கோடுகள், கோபுரத்தில் இருந்து அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் காட்டுகின்றன. அந்தக் கோபுரத்தில் நமக்கு இடம் இருக்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை. காலையில் கரையோர ரயில் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு வந்து கண்ணெதிரே நிற்கும், ஏறத்தான் இடம் இருக்காது. அதே கதைதான். ஒரு கோபுரம் ஒரே நேரத்தில் இத்தனை கோல்களைத்தான் தாங்கும் என்று ஓர் அளவு உண்டு. சாதாரண நாளின் போக்குவரத்தைக் கணக்குப் பார்த்துப் போட்ட கோபுரத்தின் கீழே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து நின்று, பாதிப் பேர் வீடியோவும் அனுப்பினால் அது திணறத்தான் செய்யும். கொங்கிரீட் சுவரும் தகரக் கூரையும் அலையை இன்னும் குறைக்கும். நல்ல தொடர்பு கிடைக்காத போன் கூடுதல் சக்தி செலவழித்துத் தேடிக்கொண்டே இருப்பதால் பற்றரியும் கெதியாக இறங்கும்.

எஸ்எம்எஸ் அப்படியல்ல. அதற்குக் கோலைப்போல ஒரு பாதையைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தேவையில்லை. சிறிய துண்டாக, சமிக்ஞைகள் போகும் வழியால் போகிறது. பெறுகிறவருக்கு அந்த நேரம் தொடர்பு இல்லாவிட்டால் நடுவில் உள்ள நிலையம் அதை வைத்திருந்து திரும்பவும் அனுப்பிப் பார்க்கும். அதனால் கூட்டத்துக்குள் கோலையே திரும்பத் திரும்ப எடுக்காமல் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதினால் ஒரு செய்தியில் 70 குறிகள்தான் அடங்கும், ஆங்கில எழுத்தில் 160. நாம் ஓர் எழுத்தாக நினைக்கிற 'கொ' போன்றவை அங்கே இரண்டு குறிகள். ஆகவே நலம் விசாரிக்காமல் நிற்கிற இடத்தை மட்டும் எழுதினால் போதும்.

வெளியூர்க் கோல்களை எக்ஸ்சேஞ்சில் நாங்களே இணைத்துக் கொடுத்த ட்ரங்க் கோல் காலத்திலும் இந்த நெருக்கடி இருந்தது. தீபாவளிக்கும் வருசப் பிறப்புக்கும் லைன் கிடைக்காமல் சனம் காத்துக்கிடக்கும். "பிள்ளை, லைன் கிடைச்சால் நான் சுகமாய் வந்து சேர்ந்திட்டன் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ" என்று எங்களிடம் கெஞ்சியவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் இன்றைக்கு வீட்டில் நிற்கிற ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்குள்ளேயே இருவர் ஒருவரை ஒருவர் பிடிக்கப் பார்த்தால் இரண்டு முனையும் நெரிசலில் இருக்கும். இருவரும் வெளியே உள்ள மூன்றாமவருக்குச் செய்தி அனுப்பினால் ஒரு முனையாவது சுதந்திரமாக இருக்கும். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த மூன்றாமவர் என் தங்கச்சி. அவள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள், போனைக் கையை விட்டு வைப்பதில்லை.

வட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்தபின் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் தடுத்துவைத்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அப்படி ஒரு தடை வந்து அன்றைக்கே நீங்கியது. 2019இல் என் மகன் வெளிநாட்டில் இருந்து வட்ஸ்அப்பில் அனுப்பியவை எல்லாம் எங்களுக்கு வராமல் நின்றன. சாதாரண கோல் ஒன்று கிடைக்கும் வரைக்கும் அவன் அங்கே என்ன பாடு பட்டிருப்பான் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. பிள்ளைகள் டேட்டா மட்டும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். சிம்மில் ஒரு கோலுக்கும் நாலு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு எப்போதும் கிடக்கட்டும். சிறு பிள்ளையைத் தவறவிட்டால் 119 பொலிஸ், 1929 சிறுவர் உதவி இலக்கம். இவை இரண்டும் பெற்றோருக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும்.

இவ்வளவும் குடும்பங்கள் செய்யக்கூடியவை. ஆனால் ஏற்பாட்டாளர்களின் பொறுப்பு அதோடு தீர்ந்துவிடாது. பெரிய கூட்டம் வரும் என்று தெரிந்தால் தொலைபேசி நிறுவனங்களோடு முன்கூட்டியே கதைத்து, வாகனத்தில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிகக் கோபுரம் கேட்கலாம். உலகம் முழுக்க நடக்கிற காரியம்தான். அது செலவான வேலை, எல்லாராலும் முடியாது என்பதும் எனக்கு விளங்குகிறது. சந்திக்கும் இடத்துக்கு என்ன செலவு? உயரமான ஒரு கம்பம், மூன்று மொழியில் ஒரு பலகை, வயதானவர்கள் இருக்க நாலு கதிரை, குடிக்கத் தண்ணீர். அந்த இடத்தை நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்துவிட்டால் உள்ளே வரும்போதே குடும்பங்கள் அதைப் பேசிவைத்துக்கொள்ளும்.

தமிழ் அறிவிப்பைச் சலுகையாக நான் கேட்கவில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழியாகிவிட்டது. அதைவிட முக்கியம், கூட்டத்தில் தடுமாறுகிறவர்கள் யார் என்பது. இளம் ஆட்கள் எப்படியும் வழி கண்டுபிடித்துவிடுவார்கள். மட்டக்களப்பில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் பிள்ளைகளோடு வருகிற வயதானவர்கள்தான் தவித்துப்போகிறார்கள். அவர்களுக்கு விளங்குகிற மொழியில் கூப்பிடாத அறிவிப்பு அவர்களைத் தேடவே இல்லை. நல்லூர்த் திருவிழாவில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் ஒலிபெருக்கிக்காரரிடம்தான் முதலில் ஓடுவாள். தன் பெயர் தன் மொழியில் கேட்டதும் பிள்ளை திரும்பிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும்.

செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி வரும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பாடசாலைப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிமாருமாக வருகிற இடம். அதை நடத்துகிற இலங்கை புத்தக வெளியீட்டாளர் சங்கத்தினர் இதைப் படித்தால், இந்த ஆண்டுக்கான வரைபடத்தில் சந்திக்கும் இடத்தையும் குறித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தமிழில் அறிவிக்க ஆள் தேவைப்பட்டால் நான் வந்து இருக்கிறேன். சம்பளம் வேண்டாம். குரல் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது, வெள்ளவத்தையில் 154 பஸ் ஏறினால் பௌத்தாலோக மாவத்தையில் இறங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி இயக்குநர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.