கோடு பொருந்தினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மெத்தனாலையும் ஆக்சிஜனையும் வினைபுரிய வைத்து மின்சாரம் எடுக்கும் மெத்தனால் எரிபொருள் கலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கலத்தின் மின்னழுத்தத்தைக் கணிக்கும் கணித மாதிரியும் சோதனையும் அச்சாகப் பொருந்தின என்று ஒரு வரைபடத்தைப் போட்டு முடித்திருந்தீர்கள். எனக்கு அங்கேதான் இடித்தது.

பொறியியல் கல்லூரி ஒன்றில் வேதிப்பொறியியல் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் என் மாணவர்களும் இப்படி ஒரு மாதிரி எழுதி வந்தார்கள். கோட்பாட்டுப்படி கலத்தின் மின்னழுத்தம் சுமார் 1.2 வோல்ட். வினை மந்தமாக நடப்பதால் ஓர் இழப்பு, இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே இருக்கும் சவ்வின் மின்தடையால் ஓர் இழப்பு, மெத்தனால் வேகமாக வந்து சேராததால் ஓர் இழப்பு, மூன்றையும் கழித்தார்கள். சரி, சுமையே இல்லாமல் அளந்தால் கிட்டத்தட்ட முழுசாக வரவேண்டும் அல்லவா? மீட்டர் 0.6 காட்டியது. பையன்கள் ஒயரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

தப்பு ஒயரில் இல்லை. தண்ணீரை விடுகிற சவ்வு அதில் கரைந்த மெத்தனாலையும் விட்டுவிடும். ஆக்சிஜன் வந்து சேரும் மின்முனையான கேத்தோடு பக்கம் போன மெத்தனால் அங்கேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து வீணாவதோடு, மின்னழுத்தத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கும். லிட்டருக்கு 32 கிராம் மெத்தனால் இருந்த கரைசலை நான்கு மடங்காக்கிப் பார்த்தோம், இன்னும் இறங்கியது. எரிபொருளைக் கூட்டினால் சுணங்குகிற கலம்!

இந்தக் கசிவைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். கலம் 0.4 வோல்ட்டில் ஓடினால் அது 1.2-இல் மூன்றில் ஒரு பங்கு. 100 மில்லி ஆம்பியர் எடுக்கும்போது 25 மில்லி ஆம்பியருக்கான மெத்தனால் கசிந்தால், எரிபொருளில் 80 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படுகிறது. இரண்டையும் பெருக்கினால் 27 சதவீதம் தேறாது. அதிலும் கசிவு ஒரே அளவில் நிற்பதில்லை. மின்னோட்டம் கூடினால், எரிபொருள் வந்து சேரும் மின்முனையான ஆனோடிலேயே மெத்தனால் செலவாகி, கசிவு குறையும். அதை மாறிலியாக வைத்த மாதிரி எங்காவது ஓரிடத்தில் சறுக்கும்.

அப்புறம் அந்தப் பொருத்தம். வினையின் வேகத்தையும் மின்னழுத்த இழப்பையும் இணைக்கும் டாஃபல் சமன்பாட்டு மாறிலிகள், மெத்தனால் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்கான பரவல் எண், கசிவு எண் என்று ஐந்தாறைத் திருகினால் வேண்டிய வளைகோட்டை வரவழைக்கலாம். என் மாணவர்களும் அடுத்த வாரமே வரவழைத்துவிட்டார்கள். 32 கிராமுக்குப் பொருத்திய அதே எண்களை 64 கிராமுக்குப் போடச் சொன்னேன். கோடு ஒரு பக்கம், புள்ளிகள் ஒரு பக்கம்.

அடுத்த முறை இப்படி வரைபடம் போடும்போது, எந்தச் செறிவில் எண்களைப் பொருத்தினார்கள், எந்தச் செறிவில் சோதித்தார்கள் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்.

வாசகி,
திருச்சி